சுவரைத் தாண்டிய ஈதர்நெட்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் இலக்கியமோ வரலாறோ பேசுவதுதான் வழக்கம். தொலைத்தொடர்பைப் பற்றி, அதுவும் தமிழில், பேச அழைத்த அமைப்பாளர்களுக்கு என் நன்றி. ஒரு வங்கிக் கிளைக்குப் போனால் சுவரோரம் ஒரு சின்னப் பெட்டியைப் பார்க்கலாம். ஒரு பக்கம் மஞ்சள் நிற ஃபைபர் உள்ளே போகும். மறுபக்கம் சாதாரண ஈதர்நெட் வயர் ஒன்று வெளியே வந்து ரவுட்டரில் செருகப்பட்டிருக்கும். அந்த வயரின் மறுமுனை ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், தலைமை அலுவலகத்தில் இருப்பதாகவே கிளை மேலாளர் நினைத்துக்கொள்கிறார். அப்படி நினைத்துக்கொண்டே பல ஆண்டுகள் வேலை பார்த்துவிடவும் முடிகிறது. அந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன். அது தெரியாமல் லிங்க் வாங்குகிறவர்கள் பணத்தை இழக்கிறார்கள். சில இடங்களில் பொதுமக்களின் நேரத்தையும் இழக்கவைக்கிறார்கள்.

ஈதர்நெட் தொலைதூரத்துக்காகப் பிறந்ததல்ல. 1973 மே 22ஆம் தேதி, கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் இருந்த ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் பாப் மெட்காஃப் ஒரு குறிப்பாணை எழுதினார். ஒரே கட்டடத்தில் இருக்கும் கணினிகளை ஒரே கேபிளில் இணைப்பது எப்படி என்பதுதான் அதன் பொருள். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் வானொலி அலையில் உருவாக்கியிருந்த அலோகா வலையமைப்பு அவருக்கு முன்மாதிரி. மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் கட்டிய முதல் ஈதர்நெட்டின் வேகம் விநாடிக்கு 2.94 மெகாபிட். 1976இல் இருவரும் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையின் தலைப்பிலேயே, இது உள்ளூர்க் கணினி வலையமைப்புக்கானது என்று சொல்லியிருக்கிறார்கள். 1980இல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் மூன்றும் சேர்ந்து 10 மெகாபிட் ஈதர்நெட்டுக்கு விவரக்குறிப்பு வெளியிட்டன. 1983இல் ஐ-டிரிபிள்-இ அதை 802.3 என்ற தரமாக ஏற்றது.

அந்தப் பழைய ஈதர்நெட்டில் எல்லாக் கணினிகளும் ஒரே கேபிளைப் பகிர்ந்துகொண்டன. பேசும் முன் கேட்க வேண்டும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசி மோதிவிட்டால் இருவரும் நிறுத்தி, சிறிது நேரம் பொறுத்து மறுபடி முயல வேண்டும். அனுப்புகிற கணினி, தான் அனுப்பும் தரவுத் துண்டான ஃபிரேமில் மிகச் சிறியதை முடிப்பதற்குள் மோதலைத் தெரிந்துகொண்டாக வேண்டும். மிகச் சிறிய ஃபிரேம் 64 பைட், அதாவது 512 பிட். 10 மெகாபிட் வேகத்தில் அதை அனுப்ப 51.2 மைக்ரோ விநாடி ஆகும். அதற்குள் மின்துடிப்பு கடைக்கோடிக்குப் போய்த் திரும்ப வேண்டும். நடுவில் இருக்கும் ரிப்பீட்டர்களின் தாமதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் 2,500 மீட்டருக்கு மேல் நீட்டக்கூடாது என்று வைத்தார்கள். இன்று சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஈதர்நெட் சேவை விற்கிறோம்!

இந்தத் தடையை உடைத்தது சுவிட்ச். 1990இல் கலிபோர்னியாவில் கல்பனா என்ற நிறுவனம் முதல் ஈதர்நெட் சுவிட்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை நிறுவியவர்களில் ஒருவர் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த வினோத் பரத்வாஜ். சுவிட்ச் வந்தபின் ஒவ்வொரு கணினிக்கும் தனி வயர். 1997இல் போகவும் வரவும் தனித்தனிப் பாதை என்ற ஏற்பாடும் தரமானது. மோதல் போயிற்று, மோதலால் வந்த தூரக் கணக்கும் போயிற்று. அதன்பின் எவ்வளவு தூரம் என்பது லேசரின் வலிமையையும் ஃபைபரின் தரத்தையும் பொறுத்த விஷயமாகிவிட்டது. இன்று 80 கிலோமீட்டர் வரை அடிக்கும் லேசர் மாட்யூல் விரல் நீளம்கூட இருக்காது. 1980இன் ஈதர்நெட்டில் இன்றைக்கு உயிரோடு இருப்பது ஏறக்குறைய ஃபிரேமின் வடிவம் மட்டும்தான். போகவேண்டிய முகவரி 6 பைட், அனுப்புகிறவர் முகவரி 6 பைட், என்ன வகை என்று சொல்ல 2 பைட், அதிகபட்சம் 1,500 பைட் சரக்கு, கடைசியில் பிழை பார்க்க 4 பைட். அந்த வடிவத்தை நம்பித்தான் உலகம் முழுக்கக் கருவிகள் செய்யப்படுகின்றன.

அலுவலகங்களை இணைக்க முன்பு என்ன இருந்தது? லீஸ்டு லைன். 64 கிலோபிட்டில் தொடங்கும். அடுத்த பெரிய படி இ-ஒன், விநாடிக்கு 2.048 மெகாபிட். அதற்கு மேல் 34 மெகாபிட், அதற்கு மேல் எஸ்.டி.எம்-ஒன் என்கிற 155 மெகாபிட். 2 மெகாபிட்டுக்கு மேல் இடைப்படிகள் அரிது. 2 மெகாபிட் போதவில்லை, 5 வேண்டும் என்றால் இ-ஒன்களை அடுக்க வேண்டும். ரவுட்டரில் கார்டு மாற்ற வேண்டும். கனமான வி-35 கேபிளும் கன்வெர்ட்டரும் வாங்க வேண்டும். ஈதர்நெட் வந்தபோது வாடிக்கையாளர் கையில் இருந்த சாதாரண போர்ட்டே போதுமானதாக இருந்தது. 10இலிருந்து 20க்குப் போக, சேவை நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் ஒரு எண்ணை மாற்றினால் போதும். தொலைதூரச் சந்தையில் ஈதர்நெட் வென்றதற்குக் காரணம் இந்த வசதியும், கோடிக்கணக்கில் செய்யப்படுவதால் வந்த மலிவும்தான் என்பது என் கருத்து. தொழில்நுட்ப அழகில் 53 பைட் செல்களைக் கொண்ட ஏ.டி.எம். என்ற போட்டி வலையமைப்பு முறை எந்த விதத்திலும் குறைந்ததல்ல, விலையில் தோற்றது.

ஆனால் போர்ட் எளிது என்பதால் வழியும் எளிது ஆகிவிடாது. ஊர் ஊராகச் சுவிட்ச் வைத்து ஃபைபரால் கோத்துவிட்டால் ஆயிற்றே, இதில் என்ன கஷ்டம் என்று மாணவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

சுவிட்சுக்கு ஒரு முகவரி எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால், வந்த ஃபிரேமை எல்லாப் போர்ட்டுகளிலும் நகலெடுத்து அனுப்பும். கட்டடத்துக்குள் இது பாதகமில்லை. அடுத்ததுதான் ஆபத்து. ஐ.பி. பொட்டலத்தில் ஆயுள் எண் ஒன்று உண்டு. ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும். பூஜ்யமானால் பொட்டலம் தூக்கி எறியப்படும். ஈதர்நெட் ஃபிரேமில் அப்படி ஒன்று இல்லை. வழியில் எங்காவது வட்டம் விழுந்துவிட்டால், அந்த ஃபிரேம் சாகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும், சுற்றும்போதே பெருகும். சில விநாடிகளில் வலையமைப்பு முழுவதும் மூழ்கிவிடும். இதைத் தடுக்கத்தான் டிஜிட்டல் நிறுவனத்தில் இருந்த ரேடியா பெர்ல்மன் 1985இலேயே, சுவிட்சுக்கு முன்னோடியான பிரிட்ஜ் கருவிகளுக்காக ஸ்பானிங் ட்ரீ என்ற முறையை உருவாக்கினார். சுவிட்சுகள் தமக்குள் பேசி, வட்டம் உண்டாக்கும் பாதையை அடைத்துவிடும். அருமையான யோசனை. ஆனால் அதற்கும் அளவு உண்டு. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏழு சுவிட்சுகளுக்கு மேல் போகவேண்டாம் என்பது அதன் வழிகாட்டுதல்.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனை சாட்சி. 1996இல் இரண்டு மருத்துவமனைகள் இணைந்து உருவானது அது. வலையமைப்பும் அப்படியே ஒட்டு மேல் ஒட்டாக வளர்ந்தது. 2002 நவம்பர் 13ஆம் தேதி, ஆய்வாளர் ஒருவரின் கணினியிலிருந்து பெருமளவு தரவு பாயத் தொடங்கியதும் இணைப்புகள் திணறின. எங்கே பாதையை அடைக்க வேண்டும், எங்கே திறக்க வேண்டும் என்ற கணக்கு சுவிட்சுகளுக்குத் தப்பிப்போயிற்று. ஏழு தாவல் எல்லையைச் சில பாதைகள் ஏற்கெனவே மீறியிருந்தன. வலையமைப்பு எழும், விழும், மறுபடி எழும், விழும். ஏறத்தாழ நான்கு நாட்கள் அந்த மருத்துவமனை காகிதத்துக்குத் திரும்பியது. மருந்துச் சீட்டைக் கையால் எழுதினார்கள். ஆய்வக முடிவுகளை ஆள் மூலம் கொண்டுபோனார்கள். சிஸ்கோ நிறுவனத்திலிருந்து பொறியாளர்களும் கருவிகளும் வந்து இறங்க வேண்டியிருந்தது. பகுதி பகுதியாகப் பிரித்து, நடுவில் ரவுட்டர்களை வைத்துக் கட்டிய பிறகுதான் நிலைமை சீரானது.

அந்த மருத்துவமனையின் அன்றைய தகவல் தொழில்நுட்பத் தலைவர் ஜான் ஹலாம்கா, தாமே அவசர சிகிச்சை மருத்துவரும்கூட. நடந்ததை மறைக்காமல் வெளியே சொன்னார். அதை நான் பெரிதும் மதிக்கிறேன். நம் ஊரில் இப்படி ஒன்று நடந்தால் ‘சர்வர் டவுன்’ என்ற இரண்டு சொல்லோடு முடிந்துவிடும். அடுத்தவர் கற்றுக்கொள்ள எதுவும் மிஞ்சுவதில்லை. ஒரு வளாகத்துக்குள்ளேயே இந்தப் பாடு என்றால், பத்து மாவட்டங்களை ஒரே சுவிட்ச் கூட்டமாகக் கட்டினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே சேவை நிறுவனங்கள் ஒரு வேலை செய்தன. வாடிக்கையாளருக்குத் தெரியும் முகம் ஈதர்நெட். நடுவில் ஓடுவது வேறு. முதலில், லீஸ்டு லைன்களைச் சுமந்துகொண்டிருந்த எஸ்.டி.ஹெச். கருவிகளிலேயே ஈதர்நெட் ஃபிரேமை ஏற்றினார்கள். 10 மெகாபிட் கேட்டவருக்கு, இ-ஒன் அளவுள்ள அறைகள் ஐந்தைச் சேர்த்துக் கட்டி ஒரே குழாயாகக் கொடுத்தார்கள். ஃபைபர் அறுந்தால் 50 மில்லி விநாடிக்குள் மாற்றுப் பாதைக்குத் தாவும் வழக்கம் எஸ்.டி.ஹெச்.இடமிருந்து வந்ததுதான். இன்றைக்கும் எல்லாரும் கேட்பது அந்த 50ஐத்தான்.

இன்னொரு வழி, அடையாள எண். 802.1க்யூ தரம், ஒரே சுவிட்சில் குழுக்களைப் பிரித்துவைக்கும் 12 பிட் விலேன் எண்ணை ஃபிரேமுக்குள் நுழைக்கும். 12 பிட்டில் பயன்படுத்தத்தக்க எண்கள் 4,094. ஒரு நிறுவனத்துக்கு இது தாராளம். ஒரு மாநிலம் முழுக்கச் சேவை விற்பவருக்குப் போதாது. அதோடு, வாடிக்கையாளரும் விலேன் 10 வைத்திருப்பார், பக்கத்து வாடிக்கையாளரும் விலேன் 10 வைத்திருப்பார். எனவே வாடிக்கையாளரின் எண்ணைத் தொடாமல் அதன் மேல் சேவை நிறுவனத்தின் எண் ஒன்றை ஒட்டும் முறை வந்தது, 802.1ஏ.டி. என்று பெயர். களத்தில் க்யூ-இன்-க்யூ என்பார்கள். நகர எல்லைக்குள் இது இன்றும் நன்றாக ஓடுகிறது.

நெடுந்தூரத்துக்கு நிலைத்தது எம்.பி.எல்.எஸ். 2001இல் அதன் கட்டமைப்பு ஆவணம் வெளியானது. ரயில்வே அஞ்சல் பிரிப்பகத்தில் கடிதங்களைப் பையில் போட்டுக் கட்டி, பையின் மேல் ஊர் பெயர் எழுதிய சீட்டைக் கட்டுவார்கள் அல்லவா? நடுவழியில் இருப்பவர் சீட்டை மட்டும் பார்ப்பார். உள்ளே இருக்கும் கடிதங்களின் முகவரி அவருக்கு வேண்டியதில்லை. இங்கேயும் அதே ஏற்பாடு. சேவை நிறுவனத்தின் விளிம்பு ரவுட்டர், வாடிக்கையாளரின் ஃபிரேமை முழுதாக எடுத்து இரண்டு லேபிள்களை ஒட்டுகிறது. வெளி லேபிள், எந்த ஊரின் விளிம்பு ரவுட்டருக்குப் போக வேண்டும் என்று சொல்லும். உள் லேபிள், அங்கே எந்த வாடிக்கையாளரின் எந்தப் போர்ட்டில் இறக்க வேண்டும் என்று சொல்லும். ஒவ்வொரு லேபிளும் 32 பிட். அதில் 20 பிட் லேபிள் எண், 8 பிட் ஆயுள் எண். ஈதர்நெட்டில் இல்லாத ஆயுள் எண் இங்கே கிடைத்துவிடுகிறது. பாஸ்டனில் நடந்தது நடுவழியில் நடக்காது. இரண்டு முனைகளை இப்படி இணைப்பதற்கு சூடோவயர் என்று பெயர், 2006இல் தரப்படுத்தினார்கள்.

இரண்டு முனைக்கு இது சரி. ஐம்பது கிளைகளும் ஒரே அறையில் இருப்பது போல வேண்டும் என்று கேட்டால்? அதற்குப் பிறந்தது வி.பி.எல்.எஸ். 2007 ஜனவரியில் அதற்கு இரண்டு தரங்கள் ஒன்றாக வெளிவந்தன. ஒன்றைத் தொகுத்தவர்களில் ஒருவர் கிரீட்டி கோம்பெல்லா, மற்றொன்றைத் தொகுத்தவர்களில் ஒருவர் வாச் கோம்பெல்லா. இருவரும் உடன்பிறந்தவர்கள். வெவ்வேறு நிறுவனங்களில் இருந்துகொண்டு ஒரே சிக்கலுக்கு இரண்டு விடை எழுதினார்கள். விளிம்பு ரவுட்டர்கள் ஐம்பது என்றால், ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் சூடோவயர் போட வேண்டும்: மொத்தம் 1,225. ஒரு சூடோவயரில் வந்த ஃபிரேமை இன்னொரு சூடோவயரில் திருப்பி அனுப்பக்கூடாது என்ற ஒரே விதியால், ஸ்பானிங் ட்ரீ இல்லாமலே வட்டத்தைத் தவிர்த்தார்கள். எளிமையான விதி, எனக்கு மிகவும் பிடித்த விதியும்கூட.

ஆனாலும் ஒரு ஓட்டை உண்டு. வாடிக்கையாளர் தன் இரண்டு கிளைகளுக்கு இடையே தனியாக ஒரு வயர்லெஸ் லிங்க் போட்டு, இரண்டு பக்கமும் சுவிட்சில் செருகிவிட்டால், வெளியே வட்டம் விழுந்துவிடும். ஐம்பது கிளையும் ஒன்றாகச் சாயும். அதனால்தான் ஒவ்வொரு கிளையிலும் ரவுட்டர் வையுங்கள் என்று மன்றாடுகிறோம். 2015இல் தரமான இ.வி.பி.என். இந்தக் குறைகளில் பலவற்றைத் தீர்க்கிறது. ஃபிரேமை எங்கும் பரப்பி முகவரிகளைக் கற்பதற்குப் பதில், ரவுட்டர்கள் வழித்தகவல் பகிரும் பி.ஜி.பி. மூலம் ஒரு விளிம்பு ரவுட்டர் அவற்றை மற்றதற்கு அறிவிக்கிறது. ஒரு கிளையை இரண்டு ரவுட்டர்களோடு கட்டி இரண்டு பாதையையும் ஒரே நேரத்தில் ஓட்டவும் முடிகிறது.

இனி வாங்குகிறவர் பக்கம் வருகிறேன். என் பேச்சின் கனமான பகுதி இதுதான்.

2001இல் மெட்ரோ ஈதர்நெட் ஃபோரம் என்ற தொழில்துறை அமைப்பு உருவாகி, இந்தச் சேவைகளுக்குப் பொதுவான பெயரும் அளவும் வகுத்தது. முனைக்கு முனை என்றால் இ-லைன். பலமுனை என்றால் இ-லேன். ஒரு தலைமையும் பல கிளைகளும், ஆனால் கிளைகள் தமக்குள் பேசக்கூடாது என்றால் இ-ட்ரீ. பெயரைவிட முக்கியம், வேகத்தை எப்படி எழுத வேண்டும் என்று அது சொன்னது. உறுதியளிக்கப்பட்ட வேகம் ஒன்று. அதற்கு மேல் இடம் இருந்தால் விடப்படும் கூடுதல் வேகம் ஒன்று. உறுதிக்குள் வரும் ஃபிரேம் பச்சை. கூடுதலில் வருவது மஞ்சள், நெரிசல் வந்தால் முதலில் பலியாவது அது. அதற்கும் மேலே வருவது சிவப்பு, வாசலிலேயே விழும். ‘100 மெகாபிட்’ என்று ஆர்டரில் ஒரே வரி எழுதியிருந்தால் அதில் பச்சை எவ்வளவு, மஞ்சள் எவ்வளவு என்று கேளுங்கள். பாதி இடங்களில் விற்பனைக்கு வந்தவருக்கே தெரிந்திருக்காது.

100 மெகாபிட் போர்ட்டில் முழு 100 ஏன் வரவில்லை என்பதும் அடிக்கடி வரும் புகார். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் முன்னால் 8 பைட் முன்னுரை, பின்னால் 12 பைட் இடைவெளி. இந்த 20 பைட் வயரில் இடம் பிடிக்கும், கணக்கில் வராது. ஃபிரேம் பெரிதாக இருந்தால் இது தெரியாது. எல்லாமே 64 பைட் ஃபிரேம் என்றால், விநாடிக்கு 1,48,809 ஃபிரேம்தான் போகும். அது 76 மெகாபிட். குரலைச் சுமக்கும் ஃபிரேம்கள் சிறியவை என்பதால், குரல் அழைப்பு மையம் நடத்துகிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்தே வாங்க வேண்டும்.

தூரத்துக்கும் ஒரு விலை உண்டு. ஃபைபரில் ஒளி ஒரு கிலோமீட்டர் போக சுமார் 5 மைக்ரோ விநாடி எடுக்கும். சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயில் பாதையை ஒட்டிப் போனால் ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர். போய்வர 22 மில்லி விநாடி. 2002இல் இயங்கத் தொடங்கிய சென்னை-சிங்கப்பூர் ஐ-டு-ஐ கடலடிக் கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர், போய்வர 32. இதைக் குறைக்க எந்த நிறுவனத்தாலும் முடியாது. பழைய மென்பொருள் ஒன்று, 64 கிலோபைட் அனுப்பிவிட்டு ஒப்புகைக்குக் காத்திருக்கும் வகை என்றால், டெல்லி லிங்க்கில் அது 24 மெகாபிட்டைத் தாண்டாது. நீங்கள் 100 வாங்கினாலும் 1,000 வாங்கினாலும் அதேதான். ‘லிங்க் ஸ்லோ’ என்று புகார் எழுதும் முன் இந்தப் பெருக்கல் வகுத்தலைச் செய்துபாருங்கள்.

களத்தில் என்னை அதிகம் வாட்டிய பழுது ஒன்றைச் சொல்கிறேன். புதிதாகப் போட்ட லிங்க். பிங் அடித்தால் பதில் வருகிறது, ஒன்றுகூட விழவில்லை. ஆனால் அறிக்கைக் கோப்பை அனுப்பினால் பாதியில் நிற்கிறது. உள்நுழைவுப் பக்கம் வருகிறது, அடுத்த பக்கம் வருவதில்லை. சேவை நிறுவனம், லிங்க் நலம் என்கிறது. வாடிக்கையாளர் தன் சர்வரைக் குறை சொல்கிறார். காரணம் நடுவில் இருந்த ஒரே ஒரு பழைய சுவிட்ச். வாடிக்கையாளரின் முழு ஃபிரேம் 1,518 பைட், அவருடைய விலேன் சேர்ந்தால் 1,522, நிறுவனத்தின் எண் சேர்ந்தால் 1,526, எம்.பி.எல்.எஸ். லேபிளும் வெளி முகவரியும் சேரும்போது இன்னும் கூடும். வழியில் உள்ள எல்லாக் கருவியும் அந்த அளவுக்குத் திறக்கப்பட்டிருக்க வேண்டும். ஒன்று திறக்கப்படாவிட்டால் பெரிய ஃபிரேம்கள் அங்கே சத்தமில்லாமல் விழும். ஐ.பி. என்றால் ரவுட்டர் துண்டாக்கும், அல்லது ‘பெரிதாக இருக்கிறது’ என்று செய்தி அனுப்பும். ஈதர்நெட் சொல்லாது. சிறிய பிங் மட்டும் பார்த்துவிட்டு லிங்க்கை ஒப்புக்கொள்ளாதீர்கள். 1,500 பைட் அளவில், உடைக்கக்கூடாது என்ற குறியோடு அடித்துப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

இன்னொன்று, பச்சை விளக்கு. ஒரு வங்கிக் கிளை. பிரதான லிங்க் ஒன்று, மாற்று லிங்க் ஒன்று, இரண்டுக்கும் மாதா மாதம் பணம் கட்டுகிறார்கள். மாதத் தொடக்கம், ஓய்வூதியம் வாங்கப் பெரியவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். இருபது கிலோமீட்டர் தள்ளிச் சாலைப் பணியில் ஜே.சி.பி. ஃபைபரை அறுத்துவிட்டது. கிளையில் ரவுட்டருக்கும் சுவரோரப் பெட்டிக்கும் நடுவில் உள்ள ஒரு மீட்டர் வயர் நன்றாக இருக்கிறது. அதனால் விளக்கு பச்சை. ரவுட்டரும் லிங்க் உயிரோடு இருப்பதாகவே எண்ணி, அறுந்த பாதையிலேயே அனுப்பிக்கொண்டிருக்கிறது. மாற்று லிங்க் சும்மா கிடக்கிறது. பிற்பகலில் ஒருவர் வந்து பிரதான வயரைக் கையால் பிடுங்கியதும் வேலை தொடங்கியது. பழைய லீஸ்டு லைனில் நடுவில் அறுந்தால் முனையில் தெரியும். ஈதர்நெட்டில் தானாகத் தெரியாது, தெரியவைக்க வேண்டும். முனைக்கு முனை உயிர் இருக்கிறதா என்று பார்க்க 2007லேயே 802.1ஏ.ஜி. தரம் வந்துவிட்டது. தாமதத்தையும் இழப்பையும் அளக்க ஒய்.1731 இருக்கிறது. இரண்டு ரவுட்டர்களுக்கு இடையே பி.எஃப்.டி. என்ற துடிப்பை ஓடவிட்டால், ஒரு விநாடிக்குள் மாற்றுப் பாதைக்குப் போய்விடலாம். பெரும்பாலான கருவிகளில் இந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது. போட்டுவிடுவதற்கு ஆள் இல்லை, கேட்பதற்கும் ஆள் இல்லை. வெயிலில் நின்ற அந்தப் பெரியவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

இரண்டு நிறுவனத்திடம் இரண்டு லிங்க் வாங்கிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். இரண்டு ஃபைபரும் ஒரே பள்ளத்தில் கிடக்கலாம். ஒரே ஆற்றுப்பாலத்தின் பக்கவாட்டில் ஒரே குழாயில் போகலாம். ஒரு நிறுவனம் மற்றதிடமிருந்தே ஃபைபர் வாடகைக்கு எடுத்திருக்கலாம். இரண்டு பாதை வரைபடங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தாலொழிய இது தெரியாது.

நேரக் கணக்கு பற்றிச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். எஸ்.டி.ஹெச். தன் துடிப்போடு கடிகாரத்தையும் சுமந்து சென்றது, ஈதர்நெட் சுமக்கவில்லை. செல்பேசிக் கோபுரங்களுக்குக் கடிகாரம் மிக முக்கியம். அனுப்பவும் வாங்கவும் ஒரே அலைவரிசையை மாறி மாறிப் பயன்படுத்தும் 4ஜி, 5ஜி முறைகளில், கோபுரங்கள் பொது நேரத்திலிருந்து 1.5 மைக்ரோ விநாடிக்கு மேல் விலகக்கூடாது. அதற்காக ஒத்திசைந்த ஈதர்நெட், 1588 நேர நெறிமுறை இரண்டையும் பின்னால் சேர்த்தார்கள். தனிச் சொற்பொழிவுக்குரிய பொருள் அது.

இந்த அரங்கில் கல்லூரி, மருத்துவமனை, கூட்டுறவு வங்கி நிர்வாகிகள் பலர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை லிங்க்கைப் புதுப்பிக்கும்போது விலையை மட்டும் பேசி முடித்துவிடாதீர்கள். உறுதி வேகம், தாமதம், இழப்பு, ஃபிரேம் அளவு ஆகியவற்றை எழுத்தில் வாங்குங்கள். ஒய்.1564 முறையில் எடுத்த சோதனை அறிக்கையைக் கேளுங்கள். 2011 முதல் இருக்கும் தரம் அது, புதிய சலுகை எதுவும் இல்லை. இரண்டு லிங்க் என்றால் இரண்டின் பாதை வரைபடத்தையும் கேளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, கூட்டமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரதான லிங்க்கைச் சுவரோரப் பெட்டிக்கு அப்பால், ஃபைபர் பக்கம் கழற்றிவைத்து, மாற்று லிங்க் தானாக எழுகிறதா என்று பாருங்கள். அந்தச் சோதனைக்கு உங்கள் ஊர்ப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் நான்கு பேரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் பாடத்தில் ஈதர்நெட் ஃபிரேமின் படம் இருக்கிறது. ஃபிரேம் ஊர் தாண்டும் வழியை நேரில் காட்ட உங்களால்தான் முடியும்.